ஒரே தாளம், வெவ்வேறு கரைகள்

ஓர் இசைத்தொகுப்பில் பங்குபற்றிய கலைஞர்கள் ஒருவரையொருவர் காணாமலேயே அதனை உருவாக்கி முடிக்கலாம் என்பது இன்று எவருக்கும் வியப்பூட்டும் செய்தியன்று. சென்னையில் ஒருவர் தாளம் அமைக்கிறார். இலண்டனில் ஒருவர் பாடுகிறார். ரொறன்ரோவில் இன்னொருவர் இரண்டையும் பொருத்துகிறார். இம்மாற்றம் எவ்வாறு வந்தது, அதில் தமிழ்பேசும் மக்களின் பங்கு யாது, அதனால் நாம் பெற்றது எது, இழந்தது எது என்பவற்றை ஒரு தீவுப்பகுதிக் கிராமத்து ஆசிரியன் என்ற நிலையில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இசை விற்பன்னன் என்ற தகுதி எனக்கில்லை. ஆசிரியர் கலாசாலையில் படித்ததும் இசையன்று. ஆயினும் ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு, புங்குடுதீவு என்று எமது தீவுகளில் எதனை எடுத்துக்கொண்டாலும், வெளிநாட்டில் உறவினர் இல்லாத குடும்பம் அரிது. தூரத்தில் இருந்துகொண்டே கூடி வாழ்வது எமக்குப் பழகிப்போன விடயம். ஆகவே தூரத்தில் இருந்துகொண்டே கூடிப் பாடுவதைப் பற்றிச் சொல்லவும் எமக்குச் சிறிது உரிமை உண்டெனக் கருதுகிறேன்.

கூட்டாக இசை எழுப்ப முதலில் வேண்டியது ஒரு பொதுவான எண்ணிக்கை. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் ஏற்றுப் பாடிக்கொண்டே கயிற்றை இழுப்பர். பாட்டின் அடியும் கையின் இழுப்பும் ஒன்றாக விழாவிட்டால் வலை கரைக்கு வராது. எல்லோரும் ஒரே கரையில், ஒரே கயிற்றைப் பிடித்தபடி நிற்பதனால் இது நடக்கிறது. கயிற்றின் ஒரு முனை நெடுந்தீவிலும் மறுமுனை பாரிசிலும் இருந்தால் என்ன செய்வது?

இணையம் வந்தவுடன் இதற்கு விடை கிடைத்துவிடவில்லை. ஒலி ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்குப் போய்ச்சேரச் சிறிது நேரம் எடுக்கும். பேச்சில் அத்தாமதம் பெரிதாகத் தெரியாது. ஆனால் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு பிந்தினாலே தாளம் குலைந்துவிடும். எனவே இரு நாடுகளில் இருப்போர் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிப்பதைக் கைவிட்டு, முறை வைத்து வாசிக்கலாயினர். ஒருவர் தாளத்தைப் பதிந்து அனுப்புவார். அடுத்தவர் அதனைக் காதில் மாட்டிக் கேட்டபடி தமது பகுதியைப் பதிந்து திருப்பி அனுப்புவார். கயிற்றுக்குப் பதிலாகக் கணினியின் எண்ணிக்கை வந்தது. எல்லோரும் அதனையே பிடித்துக்கொண்டனர்.

அனுப்புவதும் எளிதாக இருக்கவில்லை. இறுவட்டின் தரத்திலுள்ள ஒரு நிமிட இசை ஏறத்தாழ 10 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். தொலைபேசி இணைப்பின் வழி இணையத்தைப் பாவித்த காலத்தில், மிக வேகமான இணைப்பிலேயே அந்த ஒரு நிமிட இசையை அனுப்பச் சுமார் 25 நிமிடங்கள் சென்றன. எம்.பி.3 என்ற சுருக்கும் முறை அதனைப் பத்தில் ஒரு பங்களவுக்குக் குறைத்தது. அதன் பின்னரே பாட்டு, கடிதம்போலப் போய்வரத் தொடங்கியது.

ஆனால் தமிழிசை உலகம் இதற்கு முன்பே மனத்தளவில் தயாராகியிருந்தது. 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் முதலானோர் கித்தாரையும் பைலாத் தாளத்தையும் எமது பேச்சுத்தமிழோடு கலந்து பொப் பாடல்களைப் பாடினர். பல ஊர்ச் சரக்குகளை ஒரே பாத்திரத்தில் இட்டுச் சமைப்பது இலங்கையருக்குப் புதிதன்று என்பதற்கு இவை சான்று. ஆயினும் அக்காலத்து இசைக்குழுவினர் ஓரிடத்தில் கூடினார்கள். அந்த வழக்கத்தைத் தளர்த்தியதில் முக்கியமானவர் ஏ.ஆர். ரஹ்மான். 1992இல் வெளிவந்த 'ரோஜா'வின் இசை, சென்னை கோடம்பாக்கத்தில் தமது வீட்டோடு அமைந்த ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து அவர் உருவாக்கியது. பாடகர் ஒரு நாள் வருவார். குழல் வாசிப்பவர் வேறொரு நாள் வருவார். அடுக்கின்மேல் அடுக்காகப் பாட்டு வளரும். ஒரே நேரத்தில் கூடவேண்டியதில்லை என்றான பின்னர், ஒரே இடத்தில் கூடவேண்டியதில்லை என்பதற்கு ஒரு படிதான் பாக்கி.

அதே 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை வேறு. மின்சாரம் இல்லை; பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலியும் ஒலிநாடாவும் கேட்ட காலம் அது. ஒருவர் உழைக்கப் பலர் கேட்ட அந்த இசையையும் கூட்டு முயற்சி என்றே சொல்லவேண்டும்.

இந்தப் பின்னணியில் வைத்தே எம்.ஐ.ஏ. என அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசத்தை நோக்கவேண்டும். 1975இல் இலண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, போர்ச்சூழலில் வளர்ந்து, 1986இல் தாயுடன் மீண்டும் இலண்டன் சென்றவர். முறைப்படி இசை கற்றவரல்லர். ஓவியமும் திரைப்படமும் படித்தவர். ரோலண்ட் எம்.சி. 505 என்ற தாளப்பெட்டி ஒன்றைக் கைக்கொண்டு தமது அறையிலிருந்தே முதற் பாடல்களை அமைத்தார். 2003இல் 'கலாங்' என்ற பாடல் வெறும் 500 தட்டுகளாக வெளிவந்தது. அது உலகெங்கும் பரவியதில் இணையத்தில் கைமாறிய கோப்புகளுக்குப் பெரும் பங்குண்டு. தந்தையின் இயக்கப் பெயரைத் தலைப்பாகக் கொண்ட 'அருளர்' 2005இலும், தாயின் பெயரைக் கொண்ட 'கலா' 2007இலும் வெளிவந்தன.

'கலா' உருவான விதம் கவனத்திற்குரியது. அமெரிக்காவில் அதனைப் பதிவுசெய்ய எண்ணியிருந்தார். விசா கிடைக்கவில்லை. எனவே இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா என்று சென்ற இடமெல்லாம் பதிந்தார். எல்லைக் கதவு அடைபட்டதனாலேயே அந்த இசைத்தொகுப்பு அத்தனை நாடுகளின் ஒலியையும் பெற்றது. சென்னையில் பதியப்பட்ட உறுமி மேளம் 'போய்ஸ்', 'பேர்ட் ஃபுளு' ஆகிய பாடல்களுக்கு முதுகெலும்பாக அமைந்தது. கிராமத்துச் சாவு வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ஒலித்த தோற்கருவி, நியூயோர்க்கின் நடன அரங்குகளுக்குப் போயிற்று. ஆனால் பாட்டோடு சேர்ந்து உலகைச் சுற்றிய பெயர் எம்.ஐ.ஏ. என்பதுதான். உறுமிக்காரரின் பெயர் சுற்றவில்லை.

இந்த இடத்தில் இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. 'அருளர்' இறுவட்டின் அட்டையில் புலி உருவமும் தாங்கிகளும் குண்டுகளும் அச்சுவார்ப்பாகப் பதிக்கப்பட்டிருந்தன. அவருடைய தந்தை ஈரோஸ் அமைப்பின் ஆரம்பகர்த்தாக்களில் ஒருவரேயன்றி விடுதலைப் புலிகள் இயக்கத்தவர் அல்லர். மகள் அந்த உருவத்தை அடக்கப்பட்டோரின் குறியீடாகக் கையாண்டார் என்பது மேலைத்தேய விமர்சகர் பலரின் வாசிப்பு. ஆனால் 1990 ஒக்டோபரில் இரண்டு மணிநேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட ஒரு முஸ்லிம் குடும்பத்தவர், புத்தளத்து முகாமில் வளர்ந்த தம் பிள்ளையின் கையில் அந்த அட்டையைக் கண்டால் எவ்வாறு வாசிப்பார்? ஒரே படம், இரு வாசிப்பு. தூரத்திலிருந்து கலக்கும்போது ஒலி எளிதில் கலந்துவிடுகிறது. வரலாறு அவ்வளவு எளிதில் கலப்பதில்லை. இதனைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. ஒரு பாட்டை முழுமையாகக் கேட்க, அதில் இடம்பெறாத குரலையும் நினைவிற்கொள்ள வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

2008இல் 'ஸ்லம்டோக் மில்லியனர்' திரைப்படத்துக்காக ரஹ்மானும் எம்.ஐ.ஏ.யும் இணைந்து 'ஓ... சாயா' என்ற பாடலை ஆக்கினர். இருவரும் இரு நாடுகளில் இருந்தபடி, மின்னஞ்சல் வழியே கருத்துப் பரிமாறி உருவாக்கிய பாடல் அது. 2009இல் ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதே விழாவில் ரஹ்மான் வேறு இரண்டு விருதுகளை வென்றார். கோடம்பாக்கத்து முஸ்லிம் கலைஞர் ஒருவரும் யாழ்ப்பாணத்தில் பால்யத்தைக் கழித்த ஒரு பெண்ணும் மின்னஞ்சலில் ஆக்கிய பாட்டு அந்த மேடைவரை சென்றதை, தமிழிசை வரலாற்றை எழுதுவோர் ஓர் அடிக்குறிப்பாக மட்டும் விட்டுவிடக்கூடாது.

நம் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான முயற்சி ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர், சென்னையின் எர்த்சிங்க் நிறுவனம் 'லயா புரொஜெக்ட்' என்ற பெயரில் ஓர் இசைத்தொகுப்பையும் ஆவணப்படத்தையும் உருவாக்கியது. பேரலை தாக்கிய நாடுகளான இலங்கை, இந்தியா, இந்தோனேசியா, தாய்லாந்து, மியன்மார், மாலைதீவு ஆகியவற்றுக்கு ஒலிப்பதிவுக் கருவிகளோடு சென்று, அவ்வவ்வூர்க் கலைஞர்களை அவர்களது இடத்திலேயே பாடவைத்துப் பதிந்தனர். பின்னர் யோதாம் அகம், பற்றிக் செபாக் ஆகிய இசையமைப்பாளர்கள் அப்பதிவுகளை மின்னணு இசையோடு இணைத்தனர். நாகூர் தர்காவின் பக்கீர் மரபுப் பாடகர்களின் குரலும் அதில் உண்டு. கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் கொடியேற்றத்தைக் கண்டவர்களுக்கு, நாகூருக்கும் எமது கரைகளுக்கும் உள்ள உறவை விளக்கவேண்டியதில்லை. முன்பு பாய்மரக் கப்பலில் கரை கடந்த அந்தத் தகரா ஒலி, இம்முறை கணினியில் கடந்தது. இந்நிறுவனம் 'நாகூர் செஷன்ஸ்' என்ற தனித்தொகுப்பையும் வெளியிட்டது. அதில் பாடிய அப்துல் கனி, அஜா மைதீன், பாபா சபீர் ஆகியோரின் பெயர்களை நாம் அறிவோம். உறுமிக்காரருக்குக் கிடைக்காதது இவர்களுக்குக் கிடைத்தது. பெயரைக் காப்பாற்றியது தொழில்நுட்பமன்று. பெயரைக் கேட்டு எழுதவேண்டும் என்று நினைத்த மனிதர்களே.

பெயர் எவ்வளவு பெரிய விடயம் என்பதை 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' காட்டித் தந்தது. தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன் ஆகியோரின் அப்பாடல், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து ஊறியது. அவரைப் போன்று பல இலட்சம் மலையகத் தமிழர் 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் வேரறுக்கப்பட்டவர்கள். பாட்டை உலகமே கொண்டாடியது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' சஞ்சிகையின் அட்டையில் அறிவின் படம் இடம்பெறாதது கண்டனத்துக்குள்ளாயிற்று. 2022 ஜூலையில் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே பாடல் மேடையேறியபோது சர்ச்சை மீண்டும் மூண்டது. பாடலால் தங்கள் மூவருக்கும் வருமானம் எதுவும் வந்துசேரவில்லையென 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். நிலமிழந்தோரின் பாட்டு, அதை ஆக்கியோரின் உரிமையையே கேள்விக்குறியாக்கியது.

இவையெல்லாம் பெரிய இடத்து விவகாரம் என்று எவரும் எண்ணவேண்டாம். எம்மூரிலும் நடக்கிறது. என்னிடம் படித்துப் பிரான்ஸ் சென்ற மாணவன் ஒருவன் கணினியில் இசையமைக்கிறான். "சேர், எங்கட ஊர்ப் பழைய தாலாட்டு ஒண்டு பதிஞ்சு அனுப்பேலுமோ?" என்று கேட்டிருந்தான். எமது கிராமத்து முதியவர் ஒருவரின் தாலாட்டைக் கைப்பேசியில் பதிந்து, அவருடைய பெயர், ஊர், எப்போது யாரிடம் கற்றார் என்ற விபரங்களோடு அனுப்பிவைத்தேன். சில மாதங்களில் பாட்டு வந்தது. கனடாவிலிருந்து ஒருவர் வயலின், சுவிஸிலிருந்து ஒருவர் கித்தார், நடுவே எங்கள் ஆச்சியின் குரல். நன்றாகவே இருந்தது. வயலின்காரருக்கும் கித்தார்காரருக்கும் பெயர் இருந்தது. ஆச்சிக்கு மட்டும் 'நாட்டார் குரல்' என்றிருந்தது. கைப்பேசியில் பாட்டைக் கேட்டு முடித்த ஆச்சி என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி: "மாஸ்ரர், என்ர பேரையும் போட்டவனோ?"

மாணவனுக்கு எழுதினேன். அவன் நல்ல பிள்ளை. அடுத்த நாளே திருத்தினான். தாலாட்டு ஊருக்குப் பொதுவென்பதால் பெயர் தேவையில்லை என்று நினைத்தானாம். பாட்டு ஊருக்குப் பொதுவாக இருக்கலாம். ஆனால் பாடிய மூச்சு ஒருவருடையது.

இதிலிருந்து நாம் செய்யக்கூடியது எளிமையானது. வகுப்பறையில் நாம் நாள்தோறும் பெயர் கூப்பிடுகிறோம். வந்தவர் எவர், வராதவர் எவர் என்று இடாப்பில் குறிக்கிறோம். அதே பழக்கம் பாட்டுக்கும் வேண்டும். அம்பா, ஒப்பாரி, தாலாட்டு, கூத்துப்பாட்டு, பக்கீர் பைத் எதுவாயினும் பதியும்போது பாடியவரின் பெயர், ஊர், பதிந்த நாள், பாடப்படும் சந்தர்ப்பம் ஆகிய நான்கையும் குரலோடு சேர்த்தே பதியச் சொல்லி மாணவரைப் பழக்கலாம். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலும் பிற இடங்களிலும் முதுமையடைந்துவிட்டோரிடம் இன்னமும் எஞ்சியிருக்கும் பாட்டுகளைத் தேடிச்சென்று பதிவதும் அந்த இடாப்பைச் சேர்ந்த வேலையே. அவர்களையும் சேர்க்காமல் வடபுலத்து இசை வரலாறு நிறைவுபெறாது.

நாளைக்கு எவரோ ஓர் இளைஞர் எந்த நாட்டிலோ இருந்து இக்குரல்களை எடுத்து, நாம் எண்ணிப் பார்த்திராத இசையோடு கலப்பார். கலக்கட்டும், அதைத் தடுக்கவும் முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் குரல் புறப்படும்போதே பெயரையும் அதனோடு ஏற்றி அனுப்பும் பொறுப்பு கரையில் நிற்கும் எம்முடையது.