நிமிர்த்திய ஆணி

கொல்லர் பழைய ஆணிகளை நிமிர்த்திப் புதிய ஆணிகளோடு கலந்து விற்கலாகாது. மெல்லிரும்பில் அடித்த கத்தியை எஃகுக் கத்தியென்று விற்கலாகாது. கி.பி. 12ஆம் நூற்றாண்டில் ஷாம் தேசத்து அப்துர் ரஹ்மான் ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளராகிய முஹ்தஸிபுக்கென எழுதிய கையேட்டில் இவ்விதியைக் காண்கிறோம். அவர் தடுத்தது கலப்பதையே. பழைய ஆணியைப் பழைய ஆணியென்றே விற்பதை அன்று.

ஆணியின் வளைவு கண்ணுக்குத் தெரியும். நீராவி எஞ்சின் வந்தபின்னரோ இரும்பின் குறை கண்ணுக்கு எட்டாமற் போயிற்று. 1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் வெர்சேல்சிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு ஓட்டத்திலேயே முறிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஓயாமல் சுமை தாங்கும் இரும்பும் களைத்து வெடிக்கும் என்பதை உலகம் அதன்பின்னர் மேலும் ஊன்றி ஆராய்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில்வே பட்டறைகள் எளியதொரு சோதனையைக் கையாண்டன. உறுப்பை எண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, வெண்சுண்ணப் பொடி பூசுவார்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து பொடியில் கோடு போடும். குற்றம் தானே தன் கையொப்பத்தை இட்டுவிடுகிறது!

பின்னர் காந்த முறை வந்தது. காந்தமேற்றிய இரும்பின்மீது தூவிய இரும்புத்தூள் வெடிப்பின் வாயிலே திரண்டு நிற்கும். அலுமினியத்தில் இது பலிக்காது. அதற்குச் சாயம் ஊறவைக்கும் முறையே ஏற்றது.

சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் கழித்த வண்டிகளின் உறுப்புகளை விற்போருக்கும் இச்சோதனைகள் பொருந்தும். கிராங்க் ஷாப்டைத் தொங்கவிட்டுத் தட்டினால் நல்லது மணிபோல் ஒலிக்கும். வெடித்தது மந்தமாய் ஒலிக்கும். அதன் தேய்மானத்தை மைக்ரோமீட்டர் சொல்லும். தேய்ந்ததைக் கால் மில்லிமீட்டர் கடைந்து சீராக்குவதில் தவறில்லை. எவ்வளவு கடைந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் வாங்குபவர் அதற்கேற்ற அளவில் பேரிங் வாங்கவேண்டும். சூட்டில் வளைந்த சிலிண்டர் ஹெட்டைச் சமமாகச் சீவியிருந்தாலும் அப்படியே.

இவற்றைச் செய்யாமல் வெள்ளிப் பூச்சடித்து அடுக்கி வைப்பதும், தேய்ந்த எஞ்சினில் கனத்த எண்ணெயை ஊற்றிச் சத்தத்தை அடக்கிக் காட்டுவதும் புதிய தந்திரங்கள் அல்ல. பால் கறவாமல் மடியைப் பெருக்கவைத்து ஆட்டை விற்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவருக்குத் திருப்பித் தரும் உரிமையையும் அளித்தார்கள்.

"எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல" என்று முன்கூட்டியே சொல்லி விற்றால் என்ன? ஹனபி சட்டம் இந்நிபந்தனையை ஏற்கிறது. எனினும் அறிந்ததை மறைத்த பாவம் அதனால் நீங்காது. ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்தோ இன்னும் கண்டிப்பானது. உயிருள்ள பிராணியில், விற்பவரும் அறியாத உட்குறைக்கு மட்டுமே அந்நிபந்தனை செல்லும். பிராணி தின்கிறது, நோயுறுகிறது. அதன் உள்ளே இருப்பதை யாரும் முற்றும் அறியார். இரும்புக்கு இச்சலுகை இல்லை. நம் கடற்கரை ஊர்களில் ஷாபிஈகளே மிகுதி என்பதையும் இங்கே நினைவுகூர்கிறோம்.

இமாம் கஸ்ஸாலி (கி.பி. 1058-1111) தமது 'இஹ்யா'வில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார்கள். ஒருவர் முந்நூறு திர்ஹத்துக்கு ஒட்டகம் விற்றார். நாயகத் தோழர் வாஸிலா (ரலி) அவர்கள் வாங்கியவரின் பின்னே ஓடி, இறைச்சிக்கா, சவாரிக்கா என்று வினவினார்கள். சவாரிக்கே என்றதும், அதன் குளம்பில் துளை இருப்பதையும் அது தொடர்ந்து நடை தாங்காது என்பதையும் தெரிவித்தார்கள். எடைக்குப் போட்டு உருக்கும் பழைய இரும்பில் வெடிப்பு குறையன்று. ஓடப்போகும் கிராங்கில் அது உயிருக்கே உலை. வாங்கியவர் ஒட்டகத்தைத் திரும்பக் கொண்டுவரவே, விற்றவர் விலையில் நூறு திர்ஹம் குறைத்தார். தம் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டதாக வாஸிலா (ரலி) அவர்களிடம் குறைபட்டுக்கொள்ளவும் செய்தார்.