கோவளக் கோட்டையும் படைவீரர் உடற்சோதனையும்

பெயரிலேயே போரைத் தாங்கிய திருப்போரூருக்கு வடகிழக்கே, தமீமுல் அன்சாரி தர்காவால் அறியப்பெறும் கோவளம் கடற்கரையில், கர்நாடக நவாபு அன்வருத்தீன் கான் ஒரு கோட்டை எழுப்பினார். சஆதத் பந்தர் என்பது அதன் பெயர். இரண்டாண்டு இடைவெளியில் இருமுறை கைமாறிய அக்கோட்டையின் கதை, படைக்கு வரும் மனிதனின் உடலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்னும் கேள்வியோடு பிணைந்திருக்கிறது.

அன்வருத்தீன் ஆம்பூர்ப் போரில் வீழ்ந்த மறு ஆண்டு, 1750இன் தொடக்கத்தில், பிரெஞ்சுக் கப்பலொன்று கரைக்கு அப்பால் நங்கூரமிட்டது. மாலுமிகளிற் பெரும்பாலோர் சொறிகரப்பான் நோயால் மாண்டனர், எஞ்சியோரையேனும் கரையேற்றிக் காக்க வேண்டும் என்று மன்றாடினர். கோட்டைத் தலைவர் இசைந்தார். எலும்பும் தோலுமாய்த் தோன்றிய சுமார் முப்பது பேர் உள்ளே அனுமதிக்கப்பட்டனர். ஆடைக்குள் ஆயுதம் மறைத்திருந்த அந்த ‘நோயாளிகள்’ இரவோடிரவாகக் கோட்டையைக் கைப்பற்றினர் என்று இராபர்ட் ஓர்ம் தமது வரலாற்றில் எழுதுகிறார். ஆங்கிலேயத் தரப்பு நூலாசிரியர் என்பதை மனத்திற்கொண்டே அவரைப் படிக்கவேண்டும். ஆயினும் அடுத்த நிகழ்ச்சியில் தம்மவரையும் அவர் விட்டுவைக்கவில்லை.

1752இல் கோட்டையை மீட்க இராபர்ட் கிளைவ் வந்தார். இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்திறங்கிய 200 ஐரோப்பியரும் புதிதாகத் திரட்டிய 500 சிப்பாய்களுமே அவர் படை. கும்பினியின் ஆள்பிடிப்போர் அகப்பட்டவரையெல்லாம் கப்பலேற்றிய காலம் அது. முன்சென்ற பிரிவின் தலைவர் சுடப்பட்டதும் அப்பிரிவினர் ஓட்டமெடுத்தனர். குண்டொன்று பாறையில் மோதிச் சிதறிச் சிலரைச் சாய்த்ததும் மற்றவர் தலைகாட்ட மறுத்தனர். காவல்நின்ற ஒருவன் பல மணி நேரத்திற்குப் பின் ஒரு கிணற்றின் அடியில் ஒளிந்திருக்கக் கண்டனர். வியப்பு என்னவெனில், கோவளம் சரணடைந்தபின் செங்கற்பட்டிலிருந்து வந்த துணைப்படையை மறைந்திருந்து தாக்கி முறியடித்தவர்களும் இதே ஆட்களே.

படைக்கு ஆள் தேர்வதில் இஸ்லாமிய நாகரிகத்திற்கு நீண்ட மரபுண்டு. பார்வையற்றவர், முடவர், நோயாளி ஆகியோர் போருக்குச் செல்லாமையிற் குற்றமில்லை என்று திருக்குர்ஆனின் அல்ஃபத்ஹ் அத்தியாயம் விலக்களிக்கிறது. உஹதுப் போருக்குமுன் பதினான்கு வயதினரான இப்னு உமர் (ரலி) திருப்பி அனுப்பப்பட்டதும், பதினைந்தாம் வயதில் அகழ்ப்போருக்கு ஏற்கப்பட்டதும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. தில்லி சுல்தான் அலாவுத்தீன் கல்ஜி வீரரின் அங்க அடையாளங்களைப் பதியும் ஹுலியா முறையையும், குதிரைக்குச் சூடிடும் தாக் முறையையும் கடைப்பிடித்தார். 1330களில் முல்தானில் வில்லாளர் தேர்வைக் கண்ட இப்னு பதூதா, வெவ்வேறு விறைப்புடைய விற்களை வளைக்கச் செய்து, காட்டிய வலிமைக்கேற்ப ஊதியம் வரையறுத்தனர் என்கிறார். (பின்னர் மதுரை சுல்தானகத்திற்கும் வந்து காய்ச்சலிற் கிடந்தவர் இவரே.) இங்கே சோதிக்கப்பட்டது உறுப்பன்று, செயல்.

மருத்துவர் கைக்குத் தேர்வு முழுமையாக மாறியது பிற்காலத்தில். இலங்கையிற் பணியாற்றிய படைமருத்துவர் ஹென்றி மார்ஷல், வீரரைச் சேர்ப்பது, விலக்குவது பற்றி 1832இல் ஒரு நூல் வெளியிட்டார். சேரவிரும்புவோன் நோயை மறைப்பான். விலகவிரும்புவோன் நோயை நடிப்பான். மருத்துவரின் கண் இரண்டையும் பிரித்தறிய வேண்டியதாயிற்று. கோவளக் கோட்டைத் தலைவருக்கு இல்லாதுபோன கண் அதுவே.

உடலை அளப்பதோடு நில்லாமல் அதைத் தன் உடைமையாகவும் அரசு கருதத் தொடங்கியபோது விளைந்ததை வேலூர் காட்டிற்று. சென்னைப் படையின் புதிய ஒழுங்கு விதி, சீருடையில் நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, மோவாய் மழிக்கப்படவேண்டும் என்றது. புதிய தலைப்பாகையும் சேர்ந்துகொள்ள, இந்துவும் முஸ்லிமும் ஒருங்கே புண்பட்டனர். 1806 ஜூலை 10ஆம் நாள் கோட்டை கொந்தளித்தது. விதிகள் திரும்பப் பெறப்பட்டன. ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிராடக்கும் திருப்பியழைக்கப்பட்டனர்.

இன்றைய சோதனை வேறு வகையினது. 2022இல் தொடங்கிய அக்னிவீர் ஆட்சேர்ப்பிலும் மார்பு ஐந்து சென்டிமீட்டர் விரியவேண்டும். தட்டைப்பாதம், முட்டி தட்டுதல், நிறக்குருடு, குடலிறக்கம் யாவும் பார்க்கப்படுகின்றன. நிறக்குருட்டிற்கான அட்டைகள் ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்டவற்றின் வழிவந்தவை. மாதக்கணக்கில் கடற்கரை மணலில் ஓடிப் பயின்ற இளைஞன், ஓட்டத்தில் தேறியபின், காதில் திரண்ட குறும்பிக்காகத் தற்காலிகத் தகுதியின்மை பெறுவதுண்டு. அவ்வாறு நிறுத்தப்பட்டோர் படை மருத்துவமனையில் மறுஆய்வு கோரலாம். ஆனால் குறும்பியை அகற்ற முன்கூட்டியே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு ஒருமுறை சென்றாலே போதும். நிறக்குருட்டிற்கோ எந்த மறுஆய்விலும் வழியில்லை. இவ்விரண்டின் வேறுபாட்டை ஆட்சேர்ப்புத் திடலுக்கு வந்த பின்னரே பலர் அறிகின்றனர்.