தொட்டில் சாயத்தின் கணக்கு

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக இராஜபாளையம் செல்லும் சாலையில் இருக்கிறது டி. கல்லுப்பட்டி. அவ்வூரின் காந்தி நிகேதன் ஆசிரமம் 1940இல் தோன்றியது. ஜே. சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த இடம் அதுவே. தஞ்சாவூரில் 1892இல் பிறந்தவர். இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்றவர். பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தியவர். பிறகு அனைத்தையும் விட்டுக் காந்தியோடு சேர்ந்து கிராமக் கைத்தொழில்களுக்காக உழைத்தவர். 1960 சனவரி 30ஆம் நாள், காந்தி மறைந்த அதே தேதியில், அவரும் மறைந்தார்.

குமரப்பாவைப் பொருளியல் அறிஞர் என்றே பலரும் அறிமுகம் செய்வர். நாம் இங்கே அவரைக் கணக்காயராக நினைத்துப் பார்க்க விரும்புகிறோம். கடைக்காரர் சொல்லும் விலை ஒரு பொருளின் முழு விலை அன்று என்பது அவர் எழுத்துகளின் அடிநாதம். அப்பொருள் பிறந்த இடத்தில் யார் துன்புற்றார், அதனால் பின்னர் யார் துன்புறுவார் என்பதையும் சேர்த்தே கணக்கை முடிக்க வேண்டும். வாங்குகிறவருக்கும் அதில் பொறுப்பு உண்டு என்றார் அவர். அந்தக் கணக்கு முறையைக் கடன் வாங்கி, நம் வீடுகளில் இருக்கும் மிக எளிய பொருள் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். குழந்தையின் தொட்டிலிலும் நடைவண்டியிலும் சன்னல் கம்பியிலும் பூசிய சாயமே அப்பொருள்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தை நீக்கிவிடுவது நல்லது. தமிழில் ஈயம் என்ற சொல் இரண்டு உலோகங்களுக்குப் பொதுவாக வழங்குகிறது. பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குத் தெருவில் வந்து பூசிச் சென்ற ஈயமும் வெள்ளீயம். அது கலப்படமின்றி இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. நாம் பேசப்போவது காரீயத்தைப் பற்றி. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதாலேயோ என்னவோ, காரீயத்தின் மீது நமக்கு வரவேண்டிய அச்சம் வரவே இல்லை.

காரீயம் சாயத்துக்குள் வந்ததற்குக் காரணங்கள் இருந்தன. வெள்ளைக் காரீயம் பூச்சுக்குக் கனம் கொடுத்தது. காரீய குரோமேட் கண்ணைப் பறிக்கும் மஞ்சளையும் ஆரஞ்சையும் தந்தது. நீலத்தோடு கலந்தால் பச்சையும் கிடைத்தது. செவ்வீயம் இரும்பைத் துருவிலிருந்து காத்தது. காரீய உப்புகள் சில பூச்சை விரைவில் உலர வைத்தன. இத்தனை நன்மையும் குறைந்த செலவில் கிடைத்தன. வரவுப் பக்கம் இவ்வளவுதான்.

பற்றுப் பக்கத்தைப் பார்ப்போம். காரீயம் உடலுக்குள் சுண்ணச்சத்தின் வேடத்தில் நுழைகிறது. எலும்பில் தங்கிப் பல பத்தாண்டுகள் இருக்கிறது. தாயின் எலும்பிலிருந்து கருவுக்கும் செல்கிறது. வயிற்றுக்குள் போன காரீயத்தைக் குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைப்போல் நான்கைந்து மடங்கு ஏற்றுக்கொள்ளும். வளரும் மூளையையே அது முதலில் தாக்கும். இரும்புச் சத்துக் குறைந்த குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இரத்தசோகை உண்டு. தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இவை எல்லாம் அண்மையில் தெரிந்த செய்திகள் அல்ல என்பதுதான் வருத்தம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரும் நம் மதுரையைப்போல் வெயில் காயும் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே குழந்தைகள் பலர் கைகால் சோர்ந்தும் பார்வை மங்கியும் மருத்துவமனைக்கு வந்தனர். அது காரீய நஞ்சு என்று மருத்துவர்கள் கண்டனர். எங்கிருந்து வந்தது என்பது விளங்கவில்லை. லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் 1904இல் அதற்கு விடை எழுதினார். நம் திண்ணைக்கு நிகரான மரத் தாழ்வாரங்களின் கைப்பிடிகளில் பூசிய சாயம் வெயிலில் பொடியாகிறது. பிடித்து விளையாடும் குழந்தையின் வியர்த்த கையில் ஒட்டுகிறது. விரலைச் சூப்பும்போதும் நகத்தைக் கடிக்கும்போதும் உள்ளே போகிறது. எந்தத் தாயும் புரிந்துகொள்ளக்கூடிய விளக்கம் அது. ஆனாலும் குவீன்ஸ்லாந்தில் குழந்தைகளின் கைக்கெட்டும் இடங்களில் காரீயப் பூச்சைத் தடுக்கும் சட்டம் வர 1922 ஆயிற்று.

அமெரிக்காவின் கதை இதைவிடக் கசப்பானது. 1914இல் பால்டிமோர் மருத்துவர்கள் இருவர், தாமசும் பிளாக்ஃபனும், தன் கட்டிலின் வெள்ளைப் பூச்சைக் கடித்துத் தின்று இறந்துபோன ஐந்து வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினர். அதற்குப் பின்னும் அங்கே காரீயச் சாய நிறுவனம் ஒன்று தூரிகை ஏந்திய சிறுவனையே வணிகச் சின்னமாக வைத்து, குழந்தைகளுக்கான வண்ணப் புத்தகங்கள் வழியாகத் தன் சரக்கை விளம்பரம் செய்தது. 1943இல் பையர்சும் லார்டும் வேறொன்றைக் காட்டினர். காரீய நஞ்சிலிருந்து 'குணமாகி' வீடு திரும்பிய 20 குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில், பள்ளியில் சரியாகத் தேறியவர் ஒருவர் மட்டுமே. நோய் தீர்ந்தது, கேடு தீரவில்லை. வீட்டுச் சாயத்தில் காரீயத்துக்கு அமெரிக்கா தடை விதித்தது 1978இல்தான். தின்று இறந்த அச்சிறுவனுக்கும் தடைக்கும் இடையே 64 ஆண்டுகள்.

நம் நாட்டுக்கு வருவோம். பெங்களூரின் ஜார்ஜ் அறக்கட்டளை 1990களின் இறுதியில் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஒரு டெசிலிட்டரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. அன்று பெரும் குற்றவாளி பெட்ரோல். 2000ஆம் ஆண்டோடு அதிலிருந்து காரீயம் நீங்கியது. உயிர்வேதியியல் அறிஞர் துப்பில் வெங்கடேஷ் போன்றோர், அடுத்துப் பார்க்க வேண்டியது வீட்டுச் சுவர் என்று இடைவிடாமல் சொல்லி வந்தனர். 2007க்குப் பின் தன்னார்வ அமைப்புகள் கடைகளில் டப்பா வாங்கிச் சோதித்தன. சுவருக்குப் பூசும் பிளாஸ்டிக் பெயிண்டில் காரீயம் குறைவு. கதவு, சன்னல், கட்டில், தொட்டில் இவற்றுக்குப் பூசும் எனாமலில்தான் மிகுதி என்பது வெளிப்பட்டது. குழந்தையின் வாய் எட்டும் இடங்கள் எவையோ அவற்றிலேயே நஞ்சு இருந்தது. இறுதியாக, 2016இல் அறிவிக்கப்பட்ட விதி 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டுச் சாயத்தில் பத்து இலட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது. டப்பாவில் அதைக் குறிப்பிடவும் வேண்டும். விளையாட்டுப் பொருள்களுக்கான கட்டாயத் தரக்கட்டுப்பாடு 2021 முதல் நாளில் தொடங்கியது. கிப்சன் எழுதி 113 ஆண்டுகளுக்குப் பின் அவர் குரல் நம் ஊர் பெயிண்ட் கடைக்கு வந்து சேர்ந்தது.

பழைய காலமே நன்று என்று முடித்துவிட நமக்கும் ஆசைதான். சுண்ணாம்பும் காவியும் பூசிய சுவர், எண்ணெய் தேய்த்த தேக்குக் கதவு, சாயமே காணாத மரப்பாச்சி, சேலையில் கட்டிய தூளி இவற்றில் காரீயம் இல்லை என்பது உண்மை. ஆனால் பழங்காலக் கடைசல் வேலைகளில் அரக்கோடு சேர்த்த நிறங்களுள் அரிதாரமும் சாதிலிங்கமும் உண்டு. ஒன்று பாஷாணம், மற்றொன்று பாதரசம். கைவினை என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. குமரப்பாவின் கணக்கு கைத்தொழிலுக்கும் பொருந்தும்.

சட்டம் புதிய டப்பாவைத்தான் கட்டுப்படுத்தும். பழைய கதவைச் சுரண்டிவிடாது. 2017க்கு முன் பூசிய எனாமல் நம் வீடுகளில் அடுக்கடுக்காக இருக்கிறது. பொங்கலுக்கு முன் வீடு புதுப்பிக்கும் வாரத்தில்தான் அது வெளியே வருகிறது. பெயிண்டர் உப்புத்தாளால் பழைய பூச்சைத் தேய்க்கிறார். தூள் தரையில் படிகிறது. அதே தரையில் குழந்தை தவழ்கிறது. நன்கு ஒட்டியிருக்கும் பழைய பூச்சைத் தேய்க்காமல் அதன் மேலேயே புதியது பூசுவது மேல். உரிந்த இடத்தை ஈரப்படுத்தித் தேய்க்க வேண்டும். தீயால் சுட்டு எடுக்கக் கூடாது. வேலை முடியும்வரை குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அங்கிருந்து விலகியிருக்க வேண்டும். தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தேய்க்கிற பெயிண்டருக்கும் வீட்டில் குழந்தை இருக்கும். அவர் முகத்துக்குக் கவசமும், போகும் முன் கைகழுவ நீரும் கொடுப்பது நம் கடமை. சாயம் பூசிய பழைய சன்னல் சட்டத்தை வெந்நீர் அடுப்பில் விறகாக வைப்பது கிராமங்களில் வழக்கம். அதை விட்டுவிட வேண்டும். தாத்தா காலத்துத் தொட்டில் சாயம் உரிந்து பரணில் இருந்தால், பேரக் குழந்தைக்காக இறக்கும் முன் ஒருமுறை யோசிக்க வேண்டும். ஐயம் வந்தால் இரத்தச் சோதனை இருக்கிறது.

2020இல் யுனிசெஃப் அமைப்பும் பியூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு, ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு, இரத்தத்தில் காரீயம் கவலைக்குரிய அளவில் இருப்பதாக மதிப்பிட்டது. அக்குழந்தைகள் நோயாளிகளாகத் தோன்ற மாட்டார்கள். கொஞ்சம் மந்தம், கொஞ்சம் முரடு, படிப்பு ஏறவில்லை என்று நாம் சொல்லிக்கொள்வோம். ஆசிரியர் திட்டுவார், தந்தை அடிப்பார். தொட்டிலை யாரும் நினைக்க மாட்டார்கள்.

விற்றவருக்கு ஆதாயம் உண்டு. வாங்கியவருக்கு மலிவு உண்டு. நட்டம் முழுவதும் கணக்கேட்டில் பெயரே இல்லாத ஒருவரின் தலையில் எழுதப்பட்டது. டி. கல்லுப்பட்டியில் குமரப்பாவின் குடிலில் காந்தியின் படத்தோடு ஓர் ஏழை உழவரின் படமும் இருந்தது. அவரைத் தம் தலைவருக்குத் தலைவர் என்று குமரப்பா சொல்வாராம். கணக்கு எழுதும்போது கண்முன் யார் இருக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். இந்த முறை வீட்டுக்குச் சாயம் வாங்கும்போது, நிற அட்டையைப் பார்த்த பிறகு டப்பாவைத் திருப்பி அந்த 90 என்ற எண்ணையும் தேடிப் பார்ப்போம்.