நிலமே எதிரியாக நிற்கும் ஆட்டம்

மேசையைச் சுற்றி அமர்ந்த சிலர் ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்றுக்கொள்ள, ஆட்ட நடத்துநர் ஒருவர் அவர்கள் முன் ஓர் உலகைச் சொற்களால் விரித்துக் காட்ட, ஐயத்திற்குரிய செயல்களின் விளைவைப் பகடை தீர்மானிக்கும் பாத்திரமேற்பு ஆட்டம், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் 1974ஆம் ஆண்டு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் முதன்முதலாக அச்சேறியது. அதன் ஆசிரியர்களான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் போர்க்கள ஆட்டங்களில் பழகியவர்கள். ஆகவே தொடக்ககாலச் சாகசங்கள் பெரும்பாலும் நிலவறைகளுக்குள், அதாவது கதவும் பொறியும் அரக்கரும் புதையலும் கட்டந்தோறும் குறிக்கப்பட்ட வரைபடங்களுக்குள், நிகழ்ந்தன. அந்த நிலவறையில் பகை என்பது அறைக்குள் காத்திருக்கும் ஓர் உயிராகவோ தரையில் புதைந்த ஒரு பொறியாகவோ இருந்ததே தவிர, காற்றும் மண்ணும் எவரையும் வெறுக்கவில்லை. மனிதர் வாழ இசையாத வேற்றுலகம் ஒன்றை ஆட்டக் களமாக்குவது எப்படி என்ற கேள்வி அதன் பின்னரே எழுந்தது. அதற்கு ஏற்கத்தக்க விடை கிடைக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

கைகாக்ஸ் 1977 ஜூலையில் 'தி டிராகன்' இதழில் எழுதிய கட்டுரையொன்றில், மனித உலகைச் சூழ்ந்து வேறு பல இருப்புத் தளங்கள் உள்ளன என்னும் வரைவை முன்வைத்தார். தீ, நீர், நிலம், காற்று ஆகியவற்றின் தளங்கள் அகத்தேயும், நன்மை தீமை, ஒழுங்கு குழப்பம் என்னும் பாகுபாட்டின்படி அமைந்த தேவருலகங்களும் நரகங்களும் புறத்தேயும் அமைய, அடுத்த ஆண்டில் வெளிவந்த ஆட்டக்காரர் கையேட்டின் பிற்சேர்க்கையில் இவ்வரைவு நிலைபெற்றது. எனினும் அது ஒரு வரைபடமாகவே நின்றது. அங்கு போனால் என்ன செய்வது என்பதை அது கூறவில்லை.

அவ்வாறு போய்வரும் சாகசமாக 1980இல் வெளிவந்தது, டேவிட் சதர்லாந்து கைகாக்ஸுடன் இணைந்து எழுதிய 'குவீன் ஆஃப் தி டீமன்வெப் பிட்ஸ்'. லால்த் என்னும் சிலந்தி அரசியின் இருப்பிடமான அபிஸ் என்னும் பாதாளத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிச் செல்லும் பாதைகளும் வேறு உலகங்களுக்குத் திறக்கும் கதவுகளும் இச்சாகசத்தில் அமைந்தன. மந்திரங்கள் பல அங்கு இயல்பு திரிந்து வேலை செய்யும் என்ற விதியும் சேர்ந்தது. இந்தக் கடைசி விதியே வரலாற்று நோக்கில் இன்றியமையாதது. ஏனெனில் தன் ஊரில் கற்ற கலை வேற்று நிலத்தில் கைகொடாது என்ற அச்சத்தை ஆட்டக்காரர் உணர்ந்தது இங்குதான். எனினும் அரசியின் மாளிகை நடமாடும் இயந்திரச் சிலந்தியாக அமைந்ததும், பாதைகளின் ஓரத்தில் அறைகளே மீண்டும் தொடர்ந்ததும், நிலவறையின் பிடி இன்னும் தளரவில்லை என்பதைக் காட்டுகின்றன.

1983இல் இரு திசைகளில் முன்னேற்றம் நிகழ்ந்தது. எட் கிரீன்வுட் 'டிராகன்' இதழில் எழுதிய கட்டுரைகள் ஒன்பது நரகங்களையும் அடுக்கடுக்காக விரித்தன. அவெர்னஸ் எனப்படும் முதல் அடுக்கில் தீக்கோளங்கள் வானில் அலைந்து வெடித்துக்கொண்டிருக்க, வழிநடையே உயிரச்சமானது. டிரேசி, லாரா ஹிக்மன் இணையர் எழுதிய 'ரேவன்லாஃப்ட்' சாகசத்திலோ பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மூடுபனி வெளியேற முயல்வோரை மூச்சுத்திணற வைத்தது. அதன் வழித்தோன்றலாக 1990இல் வந்த பெட்டித் தொகுப்பு, தீச்செயல் புரியும் கதைமாந்தருக்கு அந்நிலம் ஒரு வல்லமையையும் அதனோடு ஒரு சாபத்தையும் அளிக்கக்கூடும் என்றும், அவ்வழியே தொடர்ந்து செல்பவர் இறுதியில் ஆட்டக்காரரின் கையைவிட்டு நீங்கி நடத்துநருக்கு உரியவராகிவிடுவார் என்றும் விதித்தது. நிலமும் பொழுதும் முதற்பொருளாக நின்று மாந்தரின் ஒழுக்கத்தோடு இயையும் திணை மரபில் ஊறிய தமிழ் வாசகருக்கு இவ்வமைப்பின் நுட்பம் எளிதில் விளங்கும். உடலைக் கொல்லும் நிலத்தைவிட மனத்தைத் திரிக்கும் நிலமே கொடியது என்பதை இந்த ஆட்டத்தில் விதியாகவே வகுத்தது இத்தொகுப்பின் பெருஞ்சிறப்பு.

இவற்றுக்கு இடையே, 1987இல் ஜெஃப் கிரப் எழுதிய 'மேனுவல் ஆஃப் தி பிளேன்ஸ்' எல்லாத் தளங்களின் இயல்புகளையும் ஒரே நூலில் தொகுத்தது. தீயின் தளத்தில் காப்பு மந்திரமின்றி நுழைந்தவர் எரிந்து சாவார். மந்திர வாள் தான் செய்யப்பட்ட தளத்தைவிட்டு விலகுந்தோறும் ஆற்றல் குன்றும். உழைப்பிலும் ஒழுங்கிலும் இதற்கு நிகரான நூல்கள் சிலவே. ஆயினும் ஒரு குறை தெளிவாகத் தெரிகிறது: உரிய காப்பு இல்லாதவர் உடனே மாய்வார், இருப்பவருக்கோ அந்தத் தீ வெறும் பின்னணியாகிவிடும், இவ்விரண்டுக்கும் நடுவில் ஆட்டக்காரர் தேர்ந்து முடிவெடுக்க வேண்டிய இடம் மிகக் குறைவு.

அந்த நடு இடத்தை உருவாக்கியவர் டேவிட் குக். 1994இல் அவர் படைத்த 'பிளேன்ஸ்கேப்', தளங்களின் நடுவே சிகில் என்னும் வளைய வடிவ நகரத்தை நிறுத்தி, அங்கு தேவரும் நரகவாசிகளும் மனிதரும் ஒரே தெருவில் புழங்குமாறும், பதினைந்து கொள்கைக் குழுக்கள் உலகின் பொருள் பற்றிப் பூசலிடுமாறும் செய்தது. ஒரு பொருளோ ஒரு சைகையோ ஓர் எண்ணமோகூட வாயில்களைத் திறக்கும் சாவியாகலாம். நம்பிக்கை நிலத்தை மாற்றும் என்பது அதன் அடிப்படை விதி. எல்லைப்புற ஊரொன்றின் மக்கள் அண்டைத் தளத்தின் இயல்பை மிகுதியாக ஏற்றுவிட்டால் அவ்வூரே நழுவி அத்தளத்திற்குள் சென்றுவிடும். இதனால் புதிதாக ஆடத் தொடங்கியவரும் நரகத்தின் வாயிலில் நின்று பேரம் பேசவும், ஏமாறவும், ஊர் ஒன்றைக் காக்கவும் முடிந்தது. சமயவாதிகளின் எதிர்ப்புக்கு அஞ்சி 1989ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து விலக்கப்பட்டு, பின்னர் வேறு பெயர்களில் மீண்டிருந்த பேய்க் குலங்கள் பிளேன்ஸ்கேப்பில் அரசியலும் வரலாறும் உடைய சமூகங்களாக வளர்ந்தன. டோனி டிடெர்லிஸியின் ஓவியங்கள் அவ்வுலகுக்கு முகம் தந்தன.

2019இல் வெளிவந்த 'டிசென்ட் இன்டு அவெர்னஸ்' இவ்வழியில் வந்த ஒரு பிற்காலப் படைப்பு. அதன் நரகப் பாலையைக் கடக்க உதவும் போர் வண்டிகள் ஆன்மாக்கள் சிறைப்பட்ட நாணயங்களை எரிபொருளாகக் கொள்பவை. விரைந்து தப்ப விரும்புவோர் அதன் விலையாக ஓர் ஆன்மாவை அழித்தாக வேண்டும். வெப்பத்தைக் கணக்கிடும் எந்த அட்டவணையைவிடவும் இந்த ஒரு விதி நரகத்தை மேசைக்குக் கொண்டுவருகிறது. பகை நிலம் ஒன்றைப் புதிதாக வகுக்க முனைவோர் கிரப்பின் நூலையும் குக்கின் தொகுப்பையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். நிலத்தின் கொடுமையை அளக்க முன்னதும், அந்நிலத்தில் மாந்தர் எதைப் பெற எதை இழக்கத் துணிவர் என்று வினவப் பின்னதும் துணைசெய்யும்.