காயமுற்ற படைவீரரை வான்வழி மீட்டல்

வெளிநாட்டுக் களத்தில் காயம்பட்ட அல்லது நோயுற்ற வீரரை, சிகிச்சையை நிறுத்தாமல் ஹெலிகாப்டரிலும் விமானத்திலும் ஏற்றித் தாய்நாட்டு மருத்துவமனையில் சேர்க்கும் முறை. களத்திலிருந்து அருகிலுள்ள அறுவை மருத்துவமனை வரை ஹெலிகாப்டர் கொண்டுவரும். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்குச் சரக்கு விமானம் போகும். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைவதால் உடலுக்குள் அடைபட்ட காற்று விரியும். மார்பிலும் வயிற்றிலும் கண்ணிலும் காயம்பட்டவர்களுக்கு இது ஆபத்து. ஆகவே நுரையீரலைச் சுற்றித் தேங்கிய காற்றைக் குழாய் வைத்து முன்பே வெளியேற்றுவார்கள். வீக்கத்துக்கு இடம்விட்டு மாவுக்கட்டை நீளவாக்கில் பிளந்துவைப்பார்கள். தேவைப்பட்டால் விமானியைத் தாழப் பறக்கச் சொல்வார்கள்.

இந்திய வீரர்களைப் பொறுத்தவரை இம்முறை பெரிய அளவில் நடந்தது பர்மா போர்முனையில். 1944-இல் இம்பால் முற்றுகையிடப்பட்டபோது, சரக்கு கொண்டுவந்த டகோட்டா விமானங்களே திரும்பும்போது காயம்பட்டவர்களையும் நோயாளிகளையும் ஏற்றிச் சென்றன. அப்படி வெளியேறியவர்கள் சுமார் 13,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதே ஆண்டு ஏப்ரலில் கார்ட்டர் ஹார்மன் என்ற அமெரிக்க விமானி, ஒருவரை மட்டுமே ஏற்ற முடிந்த சிறு ஹெலிகாப்டரில், விழுந்த விமானத்தின் விமானியையும் மூன்று பிரிட்டிஷ் வீரர்களையும் ஒவ்வொருவராக மீட்டார். போர்க்களத்தில் முதல் ஹெலிகாப்டர் மீட்பு இதுவே என்பர். இதை மருத்துவ வெளியேற்றமாகக் கொள்வதா, வெறும் மீட்பாகக் கொள்வதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

வெளிநாட்டுக் களத்தில் காயமுற்றோரைக் கவனிக்க, கொரியப் போருக்கு இந்தியா அனுப்பியது 60-ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் பிரிவு. தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். 1950 டிசம்பரில் பியாங்யாங்கை விட்டுப் பின்வாங்க நேர்ந்தபோது இப்பிரிவினர் மருத்துவக் கருவிகளைக் கைவிட மனமில்லாமல், கைவிடப்பட்டுக் கிடந்த நீராவி எஞ்சின் ஒன்றுக்கு வாளிவாளியாகத் தண்ணீர் ஊற்றித் தாங்களே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். 1951 மார்ச்சில் இதே பிரிவினரில் சிலர் அமெரிக்க வான்குடைப் படையோடு முன்சானில் குதித்தனர். காங்கோ (1960–64) ஐ.நா. பணியில் லியோபோல்ட்வில்லில் இந்திய மருத்துவமனை இயங்கியது.

இலங்கையில் இந்திய அமைதி காக்கும் படை இருந்த காலமே (1987–90) தமிழ்நாட்டை நேரடியாகத் தொடுவது. 1987 ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை அடுத்து இறங்கிய படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் அக்டோபர் 10 வாக்கில் போர் மூண்டது. அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் திடலில் எம்ஐ-8 ஹெலிகாப்டர்கள் வீரர்களை இறக்கின. கடுமையான துப்பாக்கிச் சூட்டில் ஹெலிகாப்டர்கள் சேதமடைந்ததால் மேற்கொண்டு ஆள் இறக்குவது நிறுத்தப்பட்டது. இறங்கிவிட்ட 13-ஆவது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் 30 பேரில் 29 பேர் மாண்டனர், ஒருவர் பிடிபட்டார். காயம்பட்டவர்களை எடுத்துவர அங்கே எந்த வழியும் இருக்கவில்லை. இன்னொரு பக்கம் சிக்கிய பாரா கமாண்டோக்களை மீட்க ரயில் தண்டவாளத்தின் மேலேயே டாங்கிகள் ஓட்டப்பட்டன. அதை நடத்திய மேஜர் அனில் கவுல் ஒரு கண்ணை இழந்தார்.

சாலைகளில் கண்ணிவெடி. ஆம்புலன்ஸ் போகும் பாதையும் அதற்கு விலக்கல்ல. அதனால் குறுகிய தூரத்துக்குக்கூட ஹெலிகாப்டர் வேண்டியிருந்தது. சேத்தக் ஹெலிகாப்டரில் இரண்டு ஸ்ட்ரெச்சர், எம்ஐ-8-இல் 12, ஏஎன்-32 விமானத்தில் 24 வைக்கலாம். யாழ்ப்பாணம் அருகே பலாலி ஓடுதளத்திலிருந்து மதராஸ் சுமார் ஒரு மணி நேரப் பறத்தல். அங்கிருந்து சிறப்புச் சிகிச்சைக்குப் பெங்களூரு, புணே. கால் இழந்தவர்கள் 1944-இல் தொடங்கப்பட்ட புணே செயற்கை உறுப்பு மையத்துக்குப் போனார்கள். அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த, இன்று தேனி மாவட்டத்தில் உள்ள கம்பம் பள்ளத்தாக்கின் குடும்பம் ஒன்று மதராஸ் மருத்துவமனையில் மகனைப் பார்ப்பதானால், போடி மீட்டர்கேஜ் ரயிலிலோ பஸ்ஸிலோ மதுரை வந்து, அங்கிருந்து இரவெல்லாம் பயணம் செய்ய வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து மகன் வந்துசேர்ந்த நேரத்தைவிட அது பல மடங்கு.

1987 அக்டோபர் 21, தீபாவளி நாளில், யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனைக்குள் நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் உட்பட 60 முதல் 70 பேர் கொல்லப்பட்டனர். இந்தியப் படை நடத்திய படுகொலை என்று உயிர்தப்பியோரும் மனித உரிமை அமைப்புகளும் கூறுகின்றனர். இருதரப்புத் துப்பாக்கிச் சண்டையில் சிக்கி இறந்தனர் என்பது இந்தியப் படையின் நிலை. படைவீரருக்குப் பலாலியில் விமானம் நின்றது. அந்த வார்டுகளில் கிடந்தவர்களை எடுத்துப்போக எதுவும் வரவில்லை என்பதைச் சேர்க்காமல் இவ்வரலாறு முழுமையாகாது.

1988, 89-இல் சண்டை வன்னிக் காடுகளுக்கு நகர்ந்தது. கடைசிப் பிரிவு 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. மாண்ட இந்திய வீரர்களின் தொகை ஆவணத்துக்கு ஆவணம் 1,100-க்கும் 1,200-க்கும் இடையே மாறுகிறது. காயமுற்றோர் ஏறத்தாழ 3,000.

பின்னர் சியரா லியோன் ஐ.நா. பணியில் (2000) கைலாஹுனில் முற்றுகையிடப்பட்ட இந்தியப் படையினரை மீட்டபோதும் ஹெலிகாப்டர்களே கைகொடுத்தன. பத்து நிமிடத்தில் முதலுதவி, ஒரு மணி நேரத்தில் மேல்சிகிச்சை, இரண்டு மணி நேரத்தில் அறுவை என்பது இன்றைய ஐ.நா. அளவுகோல். நெடுந்தூரம் நோயாளிகளை ஏற்றிச் செல்லக்கூடிய சி-17 சரக்கு விமானங்கள் 2013 முதல் இந்திய விமானப் படையில் உள்ளன.

விமான நிலையம் இல்லாத தேனி மாவட்டம் விமானப் படையின் மீட்புப் பணியை நேரில் கண்டது 2018 மார்ச் 11-இல். குரங்கணி–கொழுக்குமலைப் பாதையில் மலையேற்றம் சென்ற குழுவைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சூலூரிலிருந்து ஹெலிகாப்டர்கள் அனுப்பப்பட்டன. ஆனால் இருட்டும் புகையும் செங்குத்துச் சரிவும் தடுத்தன. குரங்கணி மக்கள், தோட்டத் தொழிலாளர்கள், வனத்துறையினர் என்று கிடைத்தவர்கள் எல்லாம் போர்வையைக் கம்பில் கட்டி டோலியாக்கி, தீக்காயம்பட்டவர்களை இரவோடிரவாகச் சுமந்து இறக்கினார்கள். போடி, தேனி, மதுரை மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்களில் பலர் பிழைக்கவில்லை. இறந்தோர் 23 பேர். இவர்கள் படைவீரர்கள் அல்லர், களமும் வெளிநாடல்ல. எனினும் ஹெலிகாப்டர் வருவதற்கு முன் காயம்பட்டவரைச் சுமந்து இறக்குவதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இம்மாவட்டத்தில் இல்லை.

தரைப்படை விமானப் பிரிவில் பணியாற்றிய மேஜர் ஜெயந்த் இதே மாவட்டத்தில் பெரியகுளம் அருகே ஜெயமங்கலத்தைச் சேர்ந்தவர். 2023 மார்ச் 16 அன்று அருணாசலப் பிரதேசத்தில் அவர் சென்ற சீட்டா ஹெலிகாப்டர் விழுந்ததில், லெப்டினன்ட் கர்னல் வி. வி. பி. ரெட்டியுடன் உயிரிழந்தார். 1970-களிலிருந்து பறக்கும் சீட்டா, உயர்ந்த மலைமுனைகளில் காயம்பட்டோரை இறக்கும் வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது. அதற்கு மாற்றாக இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் இலகுரக ஹெலிகாப்டர் ஒன்றை உருவாக்கியுள்ளது.