கடைவீதியில் யாருக்கு நாற்காலி?

என் பெரியம்மா மகள் தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, 1990-களின் இறுதியில், தியாகராய நகரில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்கு வந்தாள். மாதத்தில் ஒருநாள் விடுப்பு. அன்று வடபழனியில் எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்ததும் தரையில் உட்கார்ந்து, கால்களை நீட்டி, சுவரில் சாய்ந்துகொள்வாள். கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகப் புடைத்துக் கிடக்கும்.

"கடையில உக்காரவே மாட்டியாக்கா?" என்று கேட்டேன்.

"சூப்பர்வைசர் பாத்துட்டா சம்பளத்துல பிடிச்சிருவாங்கடி. கக்கூஸுக்குப் போற அஞ்சு நிமிஷந்தான் நமக்கு நாற்காலி" என்று சிரித்தாள்.

2019 நவம்பரில் அதே தியாகராய நகரில், பாண்டி பஜாரின் புதிய நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. சுமார் 40 கோடி ரூபாய்ச் செலவு. அகலமான நடைபாதை, விளக்குகள், கால் வலித்தால் உட்கார இருக்கைகள். போய் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதிரே கண்ணாடிக்குப் பின்னால், துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். கடைவீதியை அழகுபடுத்தும்போது யாருடைய கால்களை நினைத்து அழகுபடுத்துகிறோம் என்ற கேள்வி அன்று தொடங்கியது.

தியாகராய நகரே ஒரு திட்டத்தில் பிறந்த ஊர். 1923-25 வாக்கில் நீதிக்கட்சி ஆட்சி, மாம்பலத்துப் பெரிய ஏரியின் நிலத்தில் இந்தக் குடியிருப்பை உருவாக்கியது. தியாகராயர், பனகல் அரசர், உஸ்மான், சௌந்தரபாண்டியன் என்று அக்கட்சித் தலைவர்களின் பெயர்கள் சாலைக்கும் பூங்காவுக்கும் கடைத்தெருவுக்கும் வந்தன. இந்தப் பெயர்களில் ஒரு பெண்ணின் பெயர் இல்லை. ஆனால் அந்த ஊரைச் சந்தையாக்கியவர்கள் பெண்களே. 1928-இல் நல்லி பட்டுக்கடை தொடங்கியது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் நிலையத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு. ரயில் பாதையோரத்துப் புறநகர்ப் பெண்கள் காலையில் வந்து மாலைக்குள் சேலையோடு வீடு திரும்ப முடிந்தது.

பக்கத்துப் பக்கத்துப் பேட்டைகளுக்குள் இருக்கும் போட்டியும் பெண்களின் வாய்மொழியில்தான் வாழ்கிறது. மயிலாப்பூர்க்காரர்களுக்கு மாடவீதிப் பித்தளையும் கொலுப் பொம்மையும் பெருமை, "தி.நகர்க் கூட்டத்துல மனுஷி போவாளா?" என்பார்கள். தி.நகர்க்காரர்களுக்கோ பட்டு என்றால் தங்கள் தெருதான். வடபழனிக்காரர்களான நாங்கள், கல்யாணமே எங்கள் முருகன் சந்நிதியில்தானே நடக்கிறது என்று இருவரையும் மடக்குவோம். சேலை எடுக்கத் தி.நகருக்குத்தான் போவோம் என்பது வேறு விஷயம்.

அந்தத் தி.நகரின் நடைபாதையில் பூவும் வளையலும் ஊசியும் உள்பாவாடையும் விற்றவர்களை 2013-இல் அருகிலேயே கட்டிய பலமாடி வணிக வளாகத்துக்கு மாற்றினார்கள். ஹேர்பின் வாங்க யார் மாடி ஏறுவார்கள்? நடக்கும்போது கண்ணில் பட்டு வாங்குகிற பொருள் அது. அடுத்த ஆண்டே, 2014-இல், சாலையோர வியாபாரிகள் சட்டம் வந்தது. ஊரின் விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது அது. பூக்காரிக்கும் நகரத் திட்டத்தில் ஒரு நாற்காலி உண்டு என்று இந்தியச் சட்டம் சொன்னது. அந்த நாற்காலியில் அவர் உண்மையிலேயே உட்கார்ந்து பேசுகிறாரா என்பதை ஒவ்வோர் ஊரிலும் கேட்டாக வேண்டும்.

கேட்பதற்கு நல்ல வாய்ப்பும் வந்தது. 2015-இல் ஒன்றிய அரசு அறிவித்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பணம் சும்மா வரவில்லை. நகரங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு ஜெயிக்க வேண்டும். 2016 ஜனவரியில் வந்த முதல் பட்டியலில் சென்னையும் கோவையும் இருந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் சேலம், 2017 ஜூனில் திருப்பூர், 2018 ஜனவரியில் ஈரோடு. இந்த நான்கு மேற்கு மாவட்ட நகரங்களும் ஒரே ரயில் பாதையில் அடுத்தடுத்து இருப்பவை. ஈரோடு 1979-இலும் திருப்பூர் 2009-இலும் கோவை மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டத் தலைநகரங்கள் ஆயின. பங்கு பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி வீடுகளைப் போல, ஒருவர் வாசலில் என்ன கட்டுகிறார் என்று மற்றவர் பார்த்துக்கொண்டே இருக்கும் ஊர்கள்.

பார்த்துப் பார்த்துக் கட்டியதில் எல்லாம் ஒன்றுபோல ஆயின. சேலத்தில் பழைய பேருந்து நிலையம் ஈரடுக்காயிற்று. திருப்பூரிலும் பழைய பேருந்து நிலையம் புதிதாயிற்று. ஈரோட்டில், திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய்வரை ஜவுளிச் சந்தை கூடும் கனி மார்க்கெட்டில் வணிக வளாகம் எழுந்தது. கோவையில் உக்கடம் பெரியகுளத்துக் கரை நடைபாதையாயிற்று. எவையும் வேண்டாதவை அல்ல. ஆனால் போட்டியின் அளவுகோல் கட்டடமாக இருந்தது. பனியன் கம்பெனியில் இரவு வேலை முடிந்து வருகிற பெண்ணுக்கு எத்தனை மணிவரை பேருந்து உண்டு, சந்தைக்கு வந்த பெண்ணுக்குத் தண்ணீர் வருகிற கழிப்பறை எத்தனை அடியில் உண்டு என்பதில், 'உன் ஊரைவிட என் ஊர் மேல்' என்று யாரும் மார்தட்டவில்லை.

அப்படி ஒரு போட்டியை மலைக்கு அந்தப் பக்கம் பெண்கள் தொடங்கி வைத்தார்கள். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெரு பெயர்போன பழைய கடைவீதி, எஸ்.கே. பொற்றேக்காட் 'ஒரு தெருவின் கதை' என்று நாவலே எழுதிய தெரு. அதுவும் 2017 டிசம்பரில் புதுப்பிக்கப்பட்டு, நடப்பவர்களுக்கான தெருவாகத் திறக்கப்பட்டது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அத்தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் இன்னொரு புதுப்பித்தலைக் கேட்டுவிட்டார்கள். கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டியவர்கள் அவர்கள். தையல் தொழிலாளியான விஜி அவர்களைத் திரட்டினார். 'பெண்கூட்டு' என்ற அமைப்பு பிறந்தது. முதலில் கழிப்பறை கேட்டார்கள். பிறகு உட்கார இடம் கேட்டார்கள். போராட்டம் திருச்சூர்த் துணிக்கடைகளுக்கும் பரவியது. 2018-இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, உட்காருவதை உரிமையாக்கியது.

மூன்றாண்டில் அது எல்லை தாண்டியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு, 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு கடையிலும் எல்லாத் தொழிலாளர்க்கும் பொருத்தமான இருக்கை இருக்க வேண்டும். வேலை நேரம் முழுக்க நிற்க வைக்கக் கூடாது. 2010-இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் பார்த்துவிட்டு, ரங்கநாதன் தெருப் பிள்ளைகளுக்காக நாம் கண்ணீர் விட்டோம். நாற்காலியைக் கொண்டுவந்தது அந்தக் கண்ணீர் அல்ல. பக்கத்து மாநிலத்தின் நடுத்தர நகரமொன்றில் பெண்கள் கூடிக் கேட்டதுதான்.

ஊர்ப் போட்டி கெட்டது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கொடுத்தார்களே, நீங்கள் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்க அது நல்ல கருவி. எதற்காகப் போட்டியிடுவது என்பதைப் பெண்கள் முடிவு செய்ய வேண்டும்.

என் வகுப்பில் மூன்றாமாண்டு படிக்கிற ஒரு பெண் சனி, ஞாயிறுகளில் துணிக்கடைக்குப் போகிறாள். "நாற்காலி இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு மேடம். ஆய்வுக்கு வந்தா எடுத்துப் போடுவாங்க. மத்த நாள்ல அது மேல பண்டல் அடுக்கியிருக்கும்" என்றாள்.

அடுத்தமுறை சேலை எடுக்கப் போகும்போது, தி.நகரோ, கிராஸ்கட் ரோடோ, கனி மார்க்கெட்டோ, விலையைக் கேட்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். நமக்கு எடுத்துக்காட்டுகிற பெண்ணுக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா, அதன் மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பண்டல் இருந்தால், "உக்காந்தே காட்டுங்கம்மா" என்று முதலாளியின் காதில் விழும்படி சொல்லுங்கள். அக்காவுக்கு இப்போது ஐம்பது வயது. ஊரில் இருக்கிறாள். கெண்டைக்கால் நரம்பு இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது.