வாவியின் இசையும் சம்மட்டியின் ஓசையும்

ஒரு நிலப்பகுதியின் வரலாற்றைக் கோட்டைகளையும் ஆட்சிகளையும் கொண்டு எழுதுவது நம்மவர் வழக்கம். மட்டக்களப்பு வாவிக்கோ அதனோடு ஓசையின் வரலாறு ஒன்றும் உண்டு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய இவ்வாவி எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்து நிற்கின்றது. ஒருபுறம் நகரும் கடலோரக் கிராமங்களும். மறுபுறம் வயலும் அதனை நம்பி வாழும் மக்களும். இவ்விரு கரைகளையும் இணைக்கப் பாலம் அமைப்பதென்றால் நீருக்குள் தூண் நாட்டியாக வேண்டும். தூண் நாட்டும் ஓசையை எவ்வாறு கட்டுப்படுத்துவது என்பது இங்கு வெறும் நகரசபைப் பிரச்சினையன்று.

1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் குடியேற்ற நாட்டுக் காரியதரிசியாயிருந்த எமர்சன் தெனென்ற் மட்டக்களப்புக்கு வந்தார். இரவில் தோணியேறிச் சென்று, நீரடியிலிருந்து எழும் இசையைத் தம் காதாலேயே கேட்டார். 1859இல் வெளிவந்த இலங்கை பற்றிய தமது நூலில் அதை விரித்தெழுதினார். அவ்வொலியை எழுப்புவது ஊரி என்று அவருக்குக் கூறியவர்கள் இவ்வூர் மீனவர்கள். வறண்ட காலத்தில் கேட்கும், மாரி வெள்ளம் வாவியில் புகுந்ததும் ஓய்ந்துவிடும் என்றும் அவர்கள் அறிந்திருந்தனர். உலகம் தெனென்றின் பெயரை நினைவில் வைத்தது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களின் பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை. ஒலிப்பது மீனா ஊரியா என்ற வாதம் ஒருபுறமிருக்க, 'மீன்பாடும் தேன்நாடு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. யாழ் நூல் தந்த விபுலாநந்த அடிகளின் உள்ளத்தையும் இவ்வாவியின் இசை ஈர்த்தது.

1924இல் கல்லடிப் பாலம் திறக்கப்பட்டது. தேசாதிபதி மனிங்கின் மனைவியார் பெயரை அதற்குச் சூட்டினர். தூண் நாட்டிய தொழிலாளர் எவரது பெயரையும் எதற்கும் சூட்டவில்லை. நிலாக் காலங்களில் மீனிசை கேட்க மக்கள் கூடிய இடமும் அதே பாலத்தடிதான்.

கட்டட வேலையின் இரைச்சலைச் சட்டத்தால் அடக்கலாம் என்ற எண்ணம் உலகில் தாமதமாகவே வேரூன்றியது. பிரித்தானியாவில் 1974ஆம் ஆண்டின் மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டம், எந்த யந்திரத்தை எத்தனை மணிவரை இயக்கலாமென விதிக்கும் உரிமையை உள்ளூராட்சி மன்றங்களுக்கு அளித்தது. வேலை தொடங்குமுன்பே ஒப்பந்தக்காரர் தம் முறைகளைக் கூறி அனுமதி பெறவும் அது வழிவகுத்தது. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 1996 மே மாதத்தில் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. கட்டுமான வேலைக்குக் காலை 6 மணிமுதல் இரவு 9 மணிவரை 75 தெசிபெல், அதன்பின் 50 தெசிபெல் என்பது அவற்றின் எல்லை. இவ்விரு எண்களுக்கும் உள்ள இடைவெளியைச் சிறிதென எண்ணலாகாது. ஒலியாற்றலில் அது முந்நூறு மடங்குக்கும் மேல்.

அந்த 1996இல் மட்டக்களப்பு யுத்தத்தின் நடுவில் இருந்தது. எறிகணைச் சத்தத்தைக் கேட்டுறங்கிய மக்களிடம் ஐம்பது தெசிபெல்லைப் பற்றி யார் பேசியிருப்பார்? விதி இருந்தது, அதைப் பயன்படுத்தும் வாழ்வு இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் அழித்தது. அதன் பின்னரும், 2009இல் போர் முடிந்த பின்னரும், கட்டுமானம் பெருகியது. யப்பானின் உதவியுடன் புதிய கல்லடிப் பாலம் 2013 மார்ச்சிலும், மண்முனைப் பாலம் 2014இலும் திறக்கப்பட்டன. மண்முனைத்துறையில் அதுவரை மக்கள் பாதையிலேறித்தான் வாவியைக் கடந்தனர். பாலம் எதற்கு என்று கேட்பவர், நோயாளியோடு துறையில் காத்து நின்ற படுவான்கரைத் தாயைக் காணாதவர். எனவே கேள்வி பாலத்தைப் பற்றியதன்று, அதைக் கட்டும் முறையைப் பற்றியது.

மேற்கூறிய விதி ஒலியை எங்கே அளக்கின்றது? வேலைத்தலத்தின் எல்லையில். வேலிக்கு வெளியேயுள்ள வீட்டுக்காரரின் காதை அது காக்க முனைகின்றது, நல்லதே. ஆயின் வேலிக்குள்ளே, யந்திரத்தின் அருகிலேயே நாள் முழுதும் நிற்கும் கூலித் தொழிலாளியின் காது அவ்வளவையில் இடம்பெறுவதில்லை. நாளடைவில் கேட்கும் ஆற்றலை முதலில் இழப்பவன் அவனே.

நீருக்கடியிலுள்ள உயிர்களுக்கும் அதில் இடமில்லை. காற்றில் எழும் ஓசை நீர்ப்பரப்பில் பட்டுப் பெரும்பாலும் திரும்பிவிடும். அடித்தூணைச் சம்மட்டி யந்திரம் அறைகையிலோ ஓசை தூண் வழியாக நேரே நீருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் இறங்குகின்றது. ஆழங்குறைந்த வாவியில் தாழ்ந்த ஒலிகள் நெடுந்தூரம் செல்லா என்பது உண்மை. அண்மையிலுள்ள மீனுக்கு அது ஆறுதலாகாது. ஜேர்மனியில் கடலுக்குள் காற்றாலைத் தூண் அறைவோர், 750 மீற்றருக்கு அப்பால் நீரடி ஒலி 160 தெசிபெல்லைத் தாண்டாமற் காக்க வேண்டும். (நீரின் தெசிபெல்லும் காற்றின் தெசிபெல்லும் ஒரே அளவுகோல் அல்ல என்பதை வாசகர் மனங்கொள்க.) அதற்காகத் தூணைச் சுற்றிக் காற்றுக் குமிழிகளைத் திரையாக எழுப்புகின்றனர். அறைவதற்குப் பதிலாகத் துளையிட்டுக் கொங்கிறீற்று வார்த்தால் ஓசை பெரிதும் குறையும். இவை நம் பொறியியலாளருக்குத் தெரியாதவை அல்ல.

ஓசை பொறுக்க முடியாதபோது பொதுத்தொல்லையென நீதவானிடம் செல்ல 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிமுறைக் கோவையின் 98ஆம் பிரிவு இடந்தருகின்றது. ஆனால் அது ஓசை எழுந்த பின்னர் தேடும் பரிகாரம். இரவில் வலைவீசி விடியலில் உறங்கும் மீனவன் வழக்குரைஞரைத் தேடி அலைய வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமுமன்று. அடுத்த பாலத்தின் ஒப்பந்தப் பத்திரத்திலேயே, தூண் எத்தனை என்பதோடு, அறைவதா துளையிடுவதா, எந்த மாதங்களில், எத்தனை மணிக்கு யந்திரம் நிற்கும், தொழிலாளியின் காதுக்குக் காப்பு யார் செலவில் என்பவற்றையும் எழுதலாம். வேலைக்கு முன்னும் பின்னும் நீரின் ஒலியைப் பதிவுசெய்ய ஒரு கருவியை வாவியில் இறக்கலாம். மாரிக்கு முந்திய எம்மாதங்களில் மீன் எங்கே கூடுகின்றதென இரு கரை மீனவர் சங்கங்களையும் அழைத்துக் கேட்கலாம். 1848இல் ஒரு காரியதரிசி கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவர்களுடைய முன்னோரிடந்தான்.